ஏழாம் நாளைத் தாண்ட வைத்த ஞானம்மாள் மிஸ்ஸி

போன செவ்வாய்க்கிழமை காலை, பட்டர்வொர்த்திலிருந்து மருந்து ஏற்றி வந்த லாரிக்காரர் காசிம் பாய், பெட்டிகளை இறக்காமலே என் முன்னால் வந்து நின்றார். "டிரெஸ்ஸரண்ணே, ஜெலுத்தோங் மிஸ்ஸி போயிட்டாங்க. நேத்து சாயங்காலம் நெஞ்சு வலிக்குதுன்னு ஒக்காந்தவங்க எந்திரிக்கலையாம்" என்றார். காய்ச்சலுக்குக் கொய்னா மருந்து வாங்க வரிசையில் நின்ற ஒரு பெண் அதைக் கேட்டதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளுடைய மூன்று பிரசவங்களையும் பார்த்த நர்ஸ்தான் ஞானம்மாள் மிஸ்ஸி.

இந்தப் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் அவரை அறியாத குடும்பம் இல்லை. இதைப் படிப்பவர்களில் எத்தனையோ பேருடைய பிள்ளைகளை முதலில் தொட்ட கை அவருடையது. அக்கரையில் ஜெலுத்தோங்கில் வீடு; துறைமுகத்தில் மூட்டை தூக்கிய ஒருவரின் மகள். ஜார்ஜ்டவுனில் பிரசவம் பார்க்கும் படிப்பை முடித்துவிட்டு, வெள்ளைச் சேலையும் கறுப்புத் தோல் பையுமாக ஃபெரி ஏறித் தோட்டம் தோட்டமாக வந்தவர். அவரோடு சேர்ந்து வேலை பார்த்தேன் என்று சொல்வதில் எனக்கு உள்ள பெருமையை மறைக்க மாட்டேன். ஆனால் அவரைக் கண்ட முதல் நாள் எனக்குப் பெருமை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

நான் தோட்டத்து டிரெஸ்ஸர். காயத்துக்குக் கட்டுப் போடுவது, காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பது, செத்தவர்களைப் புத்தகத்தில் எழுதுவது, இவ்வளவும் என் வேலை. மிஸ்ஸி வந்ததும் அந்தப் புத்தகத்தைத்தான் கேட்டார். நின்றபடியே பக்கம் பக்கமாகப் படித்தார்.

"அஞ்சாம் நாள், ஏழாம் நாள், எட்டாம் நாள்னு இத்தனை பிள்ளைங்க. எல்லாத்துக்கும் காய்ச்சல்னு எழுதியிருக்கீங்களே?"

"பச்சப் பிள்ளைங்கம்மா. வேற என்னத்த எழுதுறது?"

"வாய் இறுகிப் போச்சா? பால் குடிக்க முடியாம ஒடம்பு வில்லு மாதிரி வளைஞ்சிச்சா? கேட்டீங்களா?"

நான் கேட்டதில்லை. அவர் குரலை உயர்த்தவில்லை. "காய்ச்சல்னு எழுதுனா நோய் ஒளிஞ்சுக்கும் டிரெஸ்ஸர்" என்று மட்டும் சொன்னார். அன்று மத்தியானம் இருவரும் தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயத்தில் வீடு வீடாகப் போனோம். பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார் எல்லாரும் சொன்னது ஒன்றுதான். வாய் இறுகியது, உடம்பு வளைந்தது. தொப்புள் கொடி அறுத்தது வீட்டிலிருந்த அரிவாளால். அறுத்த இடத்தில் வைத்தது அடுப்புச் சாம்பல்.

லயத்தில் பிரசவம் பார்த்து வந்தவர் பேச்சாயி. புதியவர் அவரை விரட்டப் போகிறார் என்று பெண்கள் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள். பேச்சாயியும் சண்டைக்குத் தயாராகவே நின்றார்.

"ஏட்டைப் படிச்சிட்டு வந்து எனக்குச் சொல்லிக் குடுக்கப் போறியா? இந்த லயத்துல பாதிப் பேரு இந்தக் கையில பொறந்தவங்க!"

மிஸ்ஸி அந்தக் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "கை நல்ல கைதான் அக்கா. அரிவாள்ல இருக்கிற அழுக்குதான் பிள்ளைக்கு நஞ்சு" என்றார். பிறகு பையிலிருந்த கத்தரிக்கோலை எடுத்து, பேச்சாயியின் அடுப்பிலேயே சட்டியில் தண்ணீர் கொதிக்க வைத்து அதைப் போட்டார். தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தபோது பேச்சாயி மெல்லக் கேட்டார்: "அப்போ எம் மவளோட பிள்ள... அதுக்கும் நாந்தானே அறுத்தேன்?"

மிஸ்ஸி பொய் சொல்லவில்லை. பேச்சாயியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "தெரியாமத்தானே அக்கா செஞ்சீங்க. இப்போ தெரிஞ்சு போச்சு. இனிமே நாம ரெண்டு பேரும் சேர்ந்து பார்ப்போம்" என்றார். பேச்சாயி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வெகுநேரம் அழுதார். அன்றிலிருந்து அந்தக் கத்தரிக்கோல் அவர் வீட்டில்தான் இருந்தது. கொதிக்க வைக்காமல் அவர் அதைத் தொட்டதே இல்லை. பிறந்த பிள்ளைகள் ஏழாம் நாளைத் தாண்டினார்கள், எட்டாம் நாளைத் தாண்டினார்கள், தவழ்ந்தார்கள். காய்ச்சல் என்று நான் எழுதி வந்த அந்தச் சாவு அதன்பின் எங்கள் லயத்துக்கு வரவேயில்லை.

என்னையும் அவர் விடவில்லை. மாரியாயி என்ற பெண்ணுக்கு எட்டாம் மாதம். கால் இரண்டும் வீங்கி, கண் மங்கலாகத் தெரிகிறது என்றாள். அப்படியும் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போய்க்கொண்டிருந்தாள். வேலைக்கு ஆகாது என்று சீட்டு எழுதித் தரச் சொன்னார் மிஸ்ஸி.

"எழுதுனா தொர என்னை வெரட்டிருவாரு. எனக்கும் குடும்பம் இருக்கும்மா."

"நெசந்தான். பயப்படாதீங்கன்னு நான் சொல்லல டிரெஸ்ஸர். பயந்துக்கிட்டே எழுதுங்க."

எழுதினேன். மறுநாள் தோட்ட மானேஜரான வெள்ளைக்காரத் துரை என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டுச் சீட்டை மேசையில் எறிந்தார். "நீ டாக்டரா?" என்றார் தமிழிலேயே. முதல் ஃபெரியிலேயே வந்துவிட்டிருந்த மிஸ்ஸி மாரியாயியைக் கைத்தாங்கலாக அழைத்து வந்து ஆபீஸ் வாசலில் உட்கார வைத்தார்.

"அவரு டாக்டர் இல்ல தொர. இதுக்கு டாக்டரும் வேணாம். கண்ணு இருந்தா போதும்."

சொல்லிவிட்டு மாரியாயியின் கணுக்காலில் கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தார். மாவில் அழுத்தியது போல் குழி விழுந்து, அப்படியே நின்றது. "இந்தக் குழி இனிமே விழாதுன்னு ஆகட்டும், அன்னைக்கு இவ மரத்துக்குப் போகட்டும்" என்றார். துரை வாசலுக்கு வந்து குனிந்து பார்த்தார். குழி நிரம்பவில்லை. மேசைக்குத் திரும்பிச் சீட்டை எடுத்து என்னிடமே கொடுத்தார். அன்றே மாரியாயியை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் சுகம். அதன்பின் மாதம் நிறைந்தவர்களுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் நான் எழுதிய எந்தச் சீட்டையும் துரை மறுக்கவில்லை. சட்டம் மாறியதாக யாரும் சொல்லவில்லை, எங்கள் தோட்டத்தில் வழக்கம் மாறியது.

ஜெலுத்தோங்கில் அவரை அடக்கம் செய்த அன்று ஃபெரி முழுக்க எங்கள் பெண்கள். இடுப்பில் பிள்ளையோடு வந்தவர்களே அதிகம். பட்டணத்துப் பெரிய மனிதர் ஒருவர், "யாரு இந்தப் பொம்பளைங்க எல்லாம்? சொந்தக்காரங்களா?" என்று என்னிடம் கேட்டார். "ஆமாங்க" என்றேன்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரு பழக்கம். இன்னாருடைய சம்சாரம், இன்ன லயம் என்று நாங்கள் எழுதி வந்த பெண்களை அவர் ஒருநாளும் அப்படி அழைத்ததில்லை. பேரைக் கேட்டுத்தான் நாடி பார்ப்பார். நேற்றுக் காலை புதிதாகக் கப்பலில் வந்த ஒரு பிள்ளைத்தாய்ச்சி என் முன்னால் வந்து, புருஷன் பேரைச் சொல்லிவிட்டுத் தலை குனிந்து நின்றாள்.

"ஒம் பேரு என்னம்மா?" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "செல்லக்கண்ணு" என்றாள். அதை முதலில் எழுதிக்கொண்டேன்.