தகவல் வேறு, அழைப்பு வேறு

பாளையம்பட்டியில் பருத்திக்கொட்டைக் கடை வைத்திருந்த சின்னத்துரை அண்ணாச்சி, அடுத்தவர் பேச்சையும் பருத்தி மாதிரி தரம் பிரிப்பார். வந்தவர் "பருத்திக்கொட்டை இருக்கா?" என்றால், "இருக்கு" என்றுவிட்டு உட்கார்ந்திருப்பார். அது கேள்விதானாம், 'குடுங்க' என்று அவர் கேட்கவில்லையாம்! என்ன மனுஷனோ!

எண்பத்தேழில் தங்கை மகள் கல்யாணம். தாய்மாமனான இவர் போகவில்லை.

"திங்கக்கெழம கல்யாணம்னு சொன்னாக. அது தகவல். 'வந்துரணும்'னு சொன்னாத்தான் அழைப்பு."

கல்யாணச் சாப்பாடு போன கடுப்போடு, அன்று மத்தியானம் வீட்டிலேயே உலை வைத்தாள் மனைவி கோகிலாம்பாள்.

"சோறு வெந்துருச்சு," என்றாள்.

அண்ணாச்சி அசையவில்லை. "இதுவும் தகவல்தான். 'சாப்பிட வாங்க'ன்னு நீ சொல்லலையே?"

அவள் உள்ளே போனாள். நிதானமாகச் சாப்பிட்டாள். கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"மிச்சச் சோத்துல தண்ணிய ஊத்திட்டேன். இதுவும் தகவல்தான்."