“இப்பதான்” என்று சொன்னேன்

கடிகாரம் பார்க்காமலே மணி சொல்வேன் என்று பீற்றிக்கொண்டு திரிந்தவன் நான். “அஞ்சு நிமிஷத்துல கிளம்பிடறேன்” என்று அரைமணி நேரம் ஆக்கும் மனைவியிடம் எரிந்து விழுந்திருக்கிறேன். இப்போது நினைத்தால் என்னை நானே அறையத் தோன்றுகிறது.

அன்று திருமுல்லைவாயில் ஃபிளாட்டில் இருந்தபடியே ஆபீஸ் வேலை. ஹெட்ஃபோனை மாட்டும்போது, “மத்தியானத்துக்கு என்ன செய்யட்டும்?” என்று கேட்டாள். “ஏதாவது செய்” என்று கதவைச் சாத்திக்கொண்டேன். புரோகிராமில் ஒரு பிழை, தேடிக்கொண்டே இருந்தேன். அது அகப்பட்ட பிறகுதான் பசி தெரிந்தது. வெளியே வந்தால், சமையலறைத் தரையில் கிடக்கிறாள். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. கண் திறந்திருந்தது.

தூக்கி ஏற்ற உதவிய ஆட்டோக்காரர், “எவ்ளோ நேரமா சார் இப்டி கீறாங்க?” என்றார்.

“இப்பதான்” என்றேன்.

அம்பத்தூர் மருத்துவமனையில் டாக்டரம்மாவும் அதையே கேட்டார். மூளையில் ரத்த அடைப்பு. நாலரை மணி நேரத்துக்குள் என்றால் கரைக்க ஊசி உண்டு. தாண்டிவிட்டால் அந்த ஊசியே மூளைக்குள் ரத்தம் கசியவிட்டு ஆளைக் கொன்றுவிடலாம்.

“அவங்க நல்லா இருந்ததை நீங்க கடைசியா எப்ப பாத்தீங்க?”

“ஒரு மணி நேரம் இருக்கும். சமையலுக்குக் கேட்டா.”

“நல்லா யோசிங்க சார்.”

சத்தியமாக எனக்கு அவ்வளவுதான் தெரிந்தது. போனை எடுத்துப் பார்த்தேன். அவள் கேட்டபோது தொடங்கிய மீட்டிங் காலை ஒன்பதரைக்கு. இப்போது மணி மூன்றேகால். ஐந்தே முக்கால் மணி நேரத்தை என் மூளை விழுங்கிவிட்டு ஏப்பம்கூட விடவில்லை. பொய் சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன். பயமாக இருந்தது. உண்மையைச் சொன்னேன். ஊசி போடவில்லை.

வலது கை வரவேயில்லை. பேச்சு மட்டும் சில மாதங்களில் ஒவ்வொரு சொல்லாகத் திரும்பியது. என்னை ஒரே கேள்வி அரித்துக்கொண்டிருந்தது. நான் கதவைத் திறப்பதற்குச் சற்று முன்புதான் விழுந்தாள் என்றால், ஊசி போட்டிருக்கலாம். காலையிலேயே என்றால், நான் ஒருமுறை எழுந்து வந்திருந்தால் போதும். எதுவானாலும் தெரிந்து தொலையட்டும் என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

“எப்ப விழுந்தே?”

அவளுக்கு எண்கள் இன்னும் வருவதில்லை. வாயை அசைத்து அசைத்துப் பார்த்தாள்.

“கூப்ட்டேன்” என்றாள். மறுபடியும், “கூப்ட்டேன். கூப்ட்டேன்.”

நிறுத்துவாள் என்று பார்த்தேன். நிறுத்தவில்லை.