வாண்டாவின் இடது கை

வாண்டா ராட்லிஃப் ஓட்டிவரும் காரை முதன்முறை பார்ப்பவர்களுக்கு, யாரோ ஆளில்லாத வண்டியை மலையில் உருட்டிவிட்டது போலத்தான் தோன்றும். அமெரிக்காவில் ஓட்டுகிறவர் உட்கார வேண்டிய இடப்பக்கம் காலியாக இருக்கும். அவள் வலப்பக்கம் ஜன்னலை ஒட்டி உட்கார்ந்து, இடது கையை நீட்டி ஸ்டீயரிங்கைப் பிடித்து, இடது காலை எட்டிப்போட்டு பிரேக்கை மிதித்து, வலது கையால் சாலையோரப் பெட்டிகளில் தபால் போட்டுக்கொண்டே போவாள். கென்டக்கி மலைப்பக்கத்தில் தபால்காரர்கள் பலரும் சொந்தக் காரில் போகிறவர்கள். பெட்டிகளெல்லாம் வலப்பக்கம். வேறு என்ன செய்ய? பத்தொன்பது வருடமாக நாளுக்கு நானூற்றுப் பன்னிரண்டு பெட்டி. முன்னிருக்கை பெஞ்சு போல ஒரே நீளமாக இருந்தால்தான் இந்த வித்தை நடக்கும். அதனால்தான் இருபத்தாறு வயதான அந்த நீலக் காரை அவள் விடாமல் வைத்திருந்தாள்.

மூன்று வாரமாக அந்த இடது கைதான் அவளைக் கொன்றுகொண்டிருந்தது. ஸ்டீயரிங் கனத்தது. வளைவுகளில் தோள் வரைக்கும் வலித்தது. நேற்று ஒடித்த வளைவை இன்று ஒடிக்க முடியவில்லை.

வேறு யாராவது இருந்தால் வண்டியின் மூடியைத் திறந்து பார்த்திருப்பார்கள். அவளுக்கு அது தோன்றவே இல்லை. அவள் அப்பா ஓவாவுக்கு நோய் வந்தது இடது கையில். ஒருநாள் காலை காப்பிக் கோப்பை கையிலிருந்து நழுவியது. இரண்டு குளிர்காலம் கழித்து அவரால் கரண்டியைத் தூக்க முடியவில்லை. மூன்றாவதை அவர் பார்க்கவில்லை. அண்ணன் லார்கினுக்கும் அதே கை, அதே வரிசை. ரத்தம் எடுத்துப் பார்த்தால் உங்களுக்கு வருமா வராதா என்று சொல்லிவிடலாம், பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றார் லெக்சிங்டன் டாக்டர். "தெரிஞ்சு நான் என்ன பண்ணப் போறேன்?" என்று எழுந்து வந்துவிட்டாள். இப்போது அவளுக்கு ஐம்பத்தொன்று. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். வாண்டாவுக்கு அந்தப் பேய் தன் தோளிலிருந்தே தொங்கியது.

யாரிடமும் சொல்லவில்லை. அந்தக் காரை வேறு யாரும் தொடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போவது புருஷன் எஸ்டிலின் டிரக்கில். முற்றமெல்லாம் ஜல்லி, காரிலிருந்து எது ஒழுகினாலும் குடித்துவிடும். வளைவில் வண்டி ஊளையிட்டபோதுகூட அவள் ரேடியோவைத்தான் கூட்டி வைத்தாள். தினமும் காலையில் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, முழு சோப்புத்தூள் டப்பாவை இடது கையில் நீட்டிப் பிடித்து அறுபது வரை எண்ணுவாள். நாற்பதில் நடுங்கினால் அன்றைய பொழுது போச்சு. நாற்பதில் யாருக்குத்தான் நடுங்காது? இதை அவளுக்கு எடுத்துச் சொல்ல ஆளில்லை. கையையே பார்த்துக்கொண்டிருந்ததில் கையில் இருப்பதையெல்லாம் கீழே போடத் தொடங்கினாள்.

அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை, மலைமுகட்டு வளைவில், ஸ்டீயரிங் வரவே இல்லை. இடப்பக்கம் ஒடிக்க வேண்டும். அவள் இழுக்கிறாள், சக்கரம் கேட்கவில்லை. தபால் தட்டுகள் சரிந்தன. இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்தாள். முன்பக்க வலது சக்கரம் சாலையை விட்டு இறங்கி அந்தரத்தில் நின்றது. அவள் பக்கக் கதவுக்கு வெளியே தரையே இல்லை. எங்கோ கீழே ஓடை தெரிந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு, இருக்கை மேல் தவழ்ந்து, மறுபக்கக் கதவு வழியாக இறங்கினாள். ஆரம்பித்துவிட்டது, அப்பாவுக்கு வந்தது வந்துவிட்டது என்று மட்டும்தான் மனசில் ஓடியது.

வளைவு வீட்டு கிளோவிஸ் ஹென்ஸ்லி, கன்னத்தில் புகையிலையோடு, நாயை முன்னே விட்டு வந்து சேர்ந்தார்.

"ஏம்மா வாண்டா, தபாலை நேரா ஓடையிலயே போட்டுரலாம்னு பாத்தியா? அப்படின்னா என் கரண்ட் பில்லை முதல்ல போடு, புண்ணியமா போகும்."

கிளோவிஸ் குனிந்து வண்டியின் அடியைப் பார்த்தார். விரலால் தொட்டு முகர்ந்தார்.

"செவப்பா ஒழுகுது பாரு. ஸ்டீயரிங்கை லேசாக்குற எண்ணெய். பம்ப்புல ஒரு சொட்டு மிச்சம் இருக்காது. இதைப் போய் ஒத்தைக் கையால ஓட்டிட்டு வந்தியா? உனக்கென்ன கிறுக்கா?"

வாண்டா நடுச்சாலையில் உட்கார்ந்துவிட்டாள். சிரித்தாள். மூக்கு ஒழுகியது.

"அழுவுறியா சிரிக்கிறியா?"

"ரெண்டும்தான். வண்டிதான் கிளோவிஸ்! வண்டிதான்!"

"பின்ன, குதிரையா?" என்றார் அவர்.

இன்ஜினைப் போடவே கூடாது, எண்ணெய் சூடான புகைக்குழாயில் சொட்டினால் தீப்பிடிக்கும் என்று சொல்லி, டிராக்டரால் காரை மேலே இழுத்து, அதிலேயே கட்டி வீடுவரை கொண்டுவந்து விட்டார். மிச்சத் தபாலை மாற்று ஆள் எடுத்துப் போனாள்.

அந்தச் சந்தோஷம் வீட்டு வாசல்வரைகூட வரவில்லை. ஒழுகலை அடைத்த பிறகும் ஸ்டீயரிங் கனத்தால்? அப்போது பழியை எதன் மேல் போடுவாள்? ஒழுகுகிறவரைக்கும் குற்றவாளி வண்டி. சரியாகிவிட்டால் பாக்கி இருப்பது அவள் கை மட்டும்தான். ராத்திரி முழுக்க அந்தக் கையைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்திருந்தாள்.

சனிக்கிழமை காலை எஸ்டில் காரின் மூடியைத் திறந்தான். இருபது வருடம் நிலக்கரிச் சுரங்கத்தில் இயந்திரம் பழுது பார்த்தவன். பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டான். "பம்ப்புலேர்ந்து எண்ணெய் வர்ற ஹோஸ். இரும்புப் பூண் கடிச்ச இடத்துல ரப்பர் வெடிச்சிருக்கு. கடைக்குப் போய் புதுசு வாங்கிட்டு வா, மத்தியானத்துக்குள்ள முடிச்சிரலாம்."

அவள் டிரக்கை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போனாள். திரும்பி வந்து, "இல்லையாம். வர ஒரு வாரம் ஆகுமாம்" என்றாள்.

பொய் சொல்லிப் பழகாதவள். வாங்கிய ஹோஸை டிரக்கின் இருக்கைக்கு அடியில் திணித்து வைத்திருந்தாள். எஸ்டில் கையுறை வைக்கும் இடமும் அதுதான் என்பது அவளுக்கு நினைவே வரவில்லை. கால் மணி நேரத்தில் அவன் அட்டைப்பெட்டியோடு சமையலறை வாசலில் வந்து நின்றான்.

"ஒரு வாரம் சீக்கிரமா வந்திருச்சு போல."

அவள் தட்டைக் கழுவிக்கொண்டே இருந்தாள்.

"என்ன வாண்டா? வேலைக்குப் போகப் பிடிக்கலையா? இல்ல என்னையே பிடிக்கலையா? எதுன்னாலும் சொல்லித் தொலை."

"கை" என்றாள் அவள். "இடது கை. மூணு வாரமா."

மேற்கொண்டு சொல்ல வேண்டியிருக்கவில்லை. மாமனாருக்குச் சோறு ஊட்டியவன் அவன். லார்கினைக் கட்டிலிலிருந்து தூக்கி நாற்காலியில் வைத்தவனும் அவன்தான். அவன் முகம் வெளுத்துப் போயிற்று. அட்டைப்பெட்டியைக் கிழித்தான்.

"வா வெளியே. சரி பண்ணிப் பாத்துருவோம்."

முன்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கினார்கள். பழைய ஹோஸின் நட்டு துருவேறி நகரமாட்டேன் என்றது. எஸ்டில் அதைத் திட்டிய திட்டில் போன வாரம் சர்ச்சில் கேட்ட பிரசங்கம் முழுக்கக் கரைந்துபோனது. புதிய ஹோஸை மாட்டி, எண்ணெய் ஊற்றினார்கள். உள்ளே போன காற்றை வெளியேற்ற, இன்ஜினைப் போடாமலே ஸ்டீயரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இருபது முறை திருப்ப வேண்டும். சக்கரம் தரையில் படாததால் அது லேசாகவே சுற்றும். வாண்டா திருப்பினாள். எஸ்டில் எண்ணெயில் குமிழி வருவதைப் பார்த்துக் குரல் கொடுத்தான்.

ஜாக்கியை இறக்கினான். "உன் இடத்துலயே உக்காரு. போடு இன்ஜினை."

அவள் வலப்பக்கம் உட்கார்ந்து இடது கையை நீட்டினாள். கண்ணை மூடிக்கொண்டு இழுத்தாள். ஸ்டீயரிங் வெண்ணெயில் கத்தி இறங்குவது போல வந்தது. ஒரு விரலை மட்டும் வைத்துத் திருப்பிப் பார்த்தாள். அப்போதும் வந்தது.

"பாத்தியாடி!" எஸ்டில் கூரைமேல் ஓங்கித் தட்டினான். "கையாம் கை! என் உயிரே போயிருச்சு, கழுதை!"

அவளும் சிரித்தாள். வளைவிலிருந்து வந்ததற்குப் பிறகு முதல் சிரிப்பு. ஆனால் விரல் இன்னும் ஸ்டீயரிங்கிலேயே இருந்தது, சிரிப்பு பாதியில் நின்றது. ஒரு விரலுக்குத் திரும்புகிற சக்கரம் நோயாளி கைக்கும்தானே திரும்பும்? அப்பாகூட இதைத் திருப்பியிருப்பாரே. இது எதைச் சொல்லிவிட்டது?

இன்ஜினை அணைத்தாள். இன்ஜின் நின்றால் பம்ப்பும் நிற்கும், கனம் முழுக்கக் கைக்குத்தான். சாவியை எடுக்காமல் மறுபடி இழுத்தாள். வளைவில் நின்றது போலவே ஸ்டீயரிங் அசையாமல் நின்றது.

"எஸ்டில், நீ இங்க வந்து உக்காரு. இடது கை மட்டும். திருப்பு பாப்போம்."

அவன் கையிலிருந்த எண்ணெயைத் துடைத்தான். பிறகு வந்து உட்கார்ந்தான். இடது கையால் பிடித்தான். பல்லைக் கடித்தான், முகத்தைச் சுளித்தான், மூச்சை இறுக்கினான். ஸ்டீயரிங் அசையவில்லை.

"ஐயோ சாமி! எனக்கே முடியலடி. மாடு மாதிரி இருக்குற எனக்கே முடியல. பாத்துக்கோ!"

முப்பத்தொரு வருடம் அந்தக் கையோடு வாழ்ந்தவள் அவள். எஸ்டில் நிஜமாகவே ஒரு பாரத்தை இழுத்தால் முழங்கைக்குக் கீழே இரண்டு நரம்பு புடைக்கும், விரல் முட்டி வெளுக்கும். இப்போது கை மழமழவென்று இருந்தது. முட்டி சிவப்பாகவே இருந்தது. அவன் இழுக்கவே இல்லை. அவன் கண்ணைப் பார்த்தாள். அது அவளைவிட அதிகமாகப் பயந்திருந்தது.

மூன்று வாரமாகத் தான் ஒருத்தியே பயப்படுவதாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா, உனக்கே முடியலையே" என்றாள். அவன் தோளில் ஒட்டியிருந்த எண்ணெயைத் தன் சட்டைக் கையால் துடைத்துவிட்டாள். "திங்கக்கிழமை நான் லீவு சொல்லிடறேன். லெக்சிங்டன் டாக்டர்கிட்டப் போவோம், நீயே ஓட்டு."

"சரி" என்றான் எஸ்டில். ஸ்டீயரிங்கிலிருந்து அவன் கையை எடுக்கவே இல்லை.