தரைப்பாலத்துச் சிவப்புக் கோடு

எங்கள் ஊரிலிருந்து தேவகோட்டைக்குப் போகும் குறுக்குவழியில் ஒரு தரைப்பாலம் இருக்கிறது. ஆற்றுக்குப் பெயர் உண்டு, தண்ணீர்தான் கிடையாது. மழைக்காலத்தில் சில நாட்கள் ஓடும். மற்ற நாளெல்லாம் மணலும் சீமைக்கருவேல முள்ளும்தான். ‘வெள்ளத்தில் பாலத்தைக் கடக்காதீர்’ என்ற அரசாங்கப் பலகை அந்த மணலுக்கு நடுவே வெயிலில் நின்று வெளுத்துப்போய், ஊருக்கே கேலிப்பொருளாகிவிட்டது.

எனக்கு நாட்குறிப்பு எழுதும் பழக்கம் உண்டு. மழை பெய்த நாள், கண்மாய் நிறைந்த நாள், கலுங்கில் உபரித் தண்ணீர் வழிந்த நாள் எல்லாம் கிழமையோடு இருக்கும். ஊர் ஊராக வரலாறு எழுதியவர்களின் புத்தகங்களைப் படித்துவிட்டு, எங்கள் ஆற்றை யாரும் ஒரு வரியில்கூடக் குறிப்பிடவில்லையே என்ற ஆதங்கத்தில், பாலத்தின் தேவகோட்டைப் பக்கத்து முனையிலிருந்த கல்தூணில் கோடு போட ஆரம்பித்தேன். ஒவ்வொரு வருடமும் தண்ணீர் ஏறிய உச்சத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு, பக்கத்தில் தேதி. ஒரு கோடு மட்டும் சிவப்பு. வெள்ளம் வடிந்து, தண்ணீர் அசையாமல் தேங்கி நின்ற ஒரு சாயங்காலம் பாலத்தில் இறங்கி நின்று, என் முழங்கால் மட்டத்தைத் தூணில் குறித்தேன். ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவு வேண்டும், அவ்வளவுதான்.

ஊர் அந்தக் கோட்டை எடுத்துக்கொண்டது. அது தண்ணீருக்குமேல் தெரிந்தால் போகலாம், மறைந்தால் நிற்க வேண்டும் என்று யாரோ சொல்லி, அதுவே வழக்கமாகிவிட்டது. “செவப்பு தெரியுதா?” “தெரியுது, போங்க.” டீக்கடையில் இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு உள்ளூரப் பெருமை. அதற்காக அந்தக் கோடு போடப்படவில்லை என்று ஒரு நாளும் நான் சொன்னதில்லை.

மூன்று வருடங்களுக்கு முன், ஐப்பசியின் கடைசி வியாழக்கிழமை. இரண்டு நாள் மழை விட்டு, நல்ல வெயில். காலை பத்தே காலுக்கு என் தங்கை போன் செய்தாள். அவள் கணவர் தேவகோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு வேன் ஓட்டுகிறவர். மழை விடுமுறை என்பதால் இருவரும் மோட்டார் சைக்கிளில் எங்கள் வீட்டுக்குக் கிளம்பிப் பாலத்தின் அக்கரையில் நின்றிருந்தார்கள்.

“அண்ணே, தண்ணி கலங்கலாப் போகுது. கோடு தெரியுது. வரலாமா?”

நாட்குறிப்பைப் புரட்டினேன். “தெரிஞ்சா முழங்காலுக்குக் கீழதான். மாப்பிள்ளையப் பாத்து ஓட்டச் சொல்லு.”

பின்னால் அவர் குரல் கேட்டது. “கலெக்டர் சொன்னாக்கூட யோசிப்பேன். மச்சானே சொல்லிட்டாக, ஏறு!”

என் வீட்டிலிருந்து பாலத்துக்குப் பத்து நிமிட நடை.

அவர்களை எதிர்கொள்ள நான் போய்ச் சேர்ந்தபோது தங்கை பாலத்துக் குத்துக்கல் ஒன்றைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருந்தாள். மேலே இருந்த கண்மாய் நிறைந்து கலுங்கு வழிந்த தண்ணீர் அது. மழை விட்ட பிறகுதான் வேகமாக வந்திருக்கிறது. பாதி வழியில் பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் தள்ளியது. கீழ்ப்பக்கத்து விளிம்பில் தளம் அரித்துப் போயிருந்தது, கலங்கலில் தெரியவில்லை. இவள் கல்லைப் பிடித்தாள். அவர் வண்டியைப் பிடித்தார், விடவில்லை. வண்டி அவரை இழுத்துக்கொண்டு போய்க் கருவேலம் புதரில் செருகியது. கரையில் நின்ற இரண்டு பேர் வேட்டிகளை முடிந்து வீசி, முதலில் தங்கையையும் பிறகு அவரையும் இழுத்தார்கள். தூணைப் பார்த்தேன். சிவப்புக் கோடு தண்ணீருக்கு ஒரு சாண் மேலே, சுத்தமாகத் தெரிந்தது.

முள் அவருடைய இடது கண்ணில் ஏறியிருந்தது. மதுரை வரை கொண்டுபோயும் பார்வை திரும்பவில்லை. ஒற்றைக் கண்ணோடு பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வேன் ஓட்ட யார் விடுவார்கள்? இப்போது அதே பள்ளியில் வாசல்காரர். மற்றவர்கள் ஓட்டி வரும் வேன்களுக்குக் கதவு திறந்துவிடுகிறார். அவர் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. “விடுங்க மச்சான், வண்டிய விட்டிருக்கணும் நானு” என்கிறார்.

தங்கை ஒரே ஒரு தடவை கேட்டாள், ஆஸ்பத்திரி வராந்தாவில். “நீங்க வந்து பாத்துட்டாண்ணே சொன்னீக?”

அன்றைய பக்கத்தில் மழையளவு இருக்கிறது, நேரம் இருக்கிறது, இந்தக் கேள்வியும் இருக்கிறது. கீழே எதுவும் எழுதவில்லை.

கார்த்திகையில் உளி கொண்டுபோய்க் கோட்டைக் கொத்தி எடுத்தேன். அடுத்த ஐப்பசியில் அது மறுபடி இருந்தது. யாரோ ஞாபகத்திலிருந்து வரைந்திருக்கிறார்கள், என்னுடையதைவிட நாலு விரல் உயரத்தில். திரும்பக் கொத்தினேன். திரும்ப வந்தது.

போன வருடம் ஆறு ஓடியபோது முள் வெட்டிப் பாலத்தின் குறுக்கே போட்டுவிட்டு அக்கரையிலேயே நின்றேன். இரும்புக் கம்பி ஏற்றிய வண்டியில் ஒருவர் வந்தார். இறங்கி, முள்ளைக் காலால் ஒதுக்கினார்.

“போகாதீக. தண்ணி இழுக்கும். உள்ள தளம் இருக்கா இல்லையான்னு தெரியாது.”

“அட என்னண்ணே, நீங்க போட்ட கோடுதான? அந்தா தெரியுதுல்ல!”

“அது நான் போட்டதில்ல.”

“பின்ன வேற யாரு போட்டா?” என்று சிரித்தபடி வண்டியை இறக்கினார். தண்ணீர் சக்கரத்தில் பாதி வரை ஏறியது. நடுவில் ஒரு தரம் ஆடினார். எங்கள் ஊர்ப் பக்கத்துக் கரை சேர்ந்ததும் திரும்பி, என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். பின்னால் காத்திருந்த இரண்டு வண்டிகளும் கிளம்பின.