சந்தைத் தெருவுக்குக் கொக்குகள் வந்த மாரி

அந்த மாரியில் எங்கள் ஊர்ச் சந்தைத் தெருவால் போனவர்கள் மழை விட்ட பிறகும் குடையை மடக்கவில்லை. தெருவின் இரண்டு கரையிலும் நின்ற பழைய புளியமரங்களில் கொக்குகள் குடியேறியிருந்தன. கொக்குகள் மட்டுமா, நாரைகள், கறுத்த நீர்க்காகங்கள், பெயர் தெரியாத நீளக்கால் பறவைகள் என்று ஒரு பெரிய சனமே வந்திறங்கியிருந்தது. முந்திய மாரியில் அடித்த புயல் கடலேரிக் கரையில் அவை கூடு கட்டும் மரங்களையெல்லாம் வேரோடு சாய்த்துவிட்டிருந்தது. இந்த மாரிக்கு அவை ஊருக்குள் வந்துவிட்டன.

முதல் கிழமை எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். பச்சை மரங்கள் வெள்ளையாய்ப் பூத்ததுபோல இருந்ததென்று என் வகுப்பு ரீச்சர் படம் கீறச் சொன்னா. இரண்டாம் கிழமை நாற்றம் தொடங்கியது. எச்சம் மழையாகக் கொட்டியது. குஞ்சுகளுக்குக் கொண்டுவரும் மீன் தவறித் தேநீர்க்கடைக் கேத்தலுக்குள் விழுந்தது. சீலைக்கடையில் வெளியே தொங்கவிட்ட சீலை ஒவ்வொன்றும் பின்னேரத்துக்குள் புள்ளிச் சீலையாகிவிடும்.

என் அம்மா அந்த ஊரின் அரசாங்க மருத்துவிச்சி. பண்டத்தரிப்பிலிருந்து மாற்றலாகி வந்தவர். அப்பா கொழும்பில் கிளாக்கர்; தீபாவளிக்கும் வருஷப் பிறப்புக்கும்தான் வருவார். சந்தைத் தெரு நடுவில் அரசாங்கம் தந்த சின்ன வீட்டில் நானும் அம்மாவும் இருந்தோம். அம்மா வெள்ளைச் சேலையும் கறுத்தப் பையுமாய் நடந்து போனால், சந்தியில் நிற்கும் ஆம்பிளைகள் மடித்துக் கட்டிய சாரத்தை இறக்கிவிடுவார்கள். அதைப் பார்ப்பதற்காகவே நான் அம்மாவோடு சந்திக்குப் போவேன். வேறு எந்தப் பிள்ளையின் தாய்க்கும் அந்த மரியாதை கிடைத்ததில்லை.

அந்த வெள்ளைச் சேலையைக் கொக்குகள் மதிக்கவில்லை. ஒவ்வொரு பின்னேரமும் கிணற்றடியில் சேலையைக் கல்லில் அடித்துத் தோய்த்தபடி அம்மா மரங்களைப் பார்த்துத் திட்டுவார். "சனியன்கள். ஒரு நாளைக்கு எண்டாலும் ஒரு சேலையை விடுதுகளோ பார்." அதனால் அம்மா எந்தப் பக்கம் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

பக்கம் என்று சொன்னது, ஊர் அப்போது இரண்டாகப் பிரிந்திருந்ததால்தான். சந்தைப் பக்கத்தாருக்குத் தலைவர் புகையிலைக்கடை முதலாளி. அவருடைய கடையும் அதன் பின்னாலிருந்த வீடும் மிகப் பெரிய புளியமரத்துக்கு நேர் கீழே. விரித்து வைத்த புகையிலை நாசமாகிக்கொண்டிருந்தது. பறவைகளைக் கலைக்கவேண்டும், கலையாவிட்டால் சுடவேண்டும், அதற்கும் அடங்காவிட்டால் மரங்களைத் தறிக்கவேண்டும் என்று அவர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார்.

கடற்கரைப் பக்கத்தாருக்குச் சம்மாட்டியார். பல வள்ளங்கள் வைத்துத் தொழில் செய்தவர். புயலில் பாதி வள்ளங்கள் போயின; கூடப்பிறந்த தம்பியும் போய்விட்டார். அவர் ஒருநாள் எங்கள் வீட்டு வாசலில் நின்று அம்மாவிடம் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது.

"அந்தப் புயல் எங்களையும் அள்ளிக்கொண்டு போச்சுது, உதுகளின்ரை மரத்தையும் கொண்டு போச்சுது. தப்பி வந்து குஞ்சு பொரிச்சிருக்கிற சீவனை எப்பிடியம்மா சுடுறது? கடவுளுக்கு அடுக்காது."

அந்த முறை மீனும் நல்லாய்ப் பட்டது. பறவைகள் வந்த ராசி என்று கடற்கரையில் நம்பினார்கள். சந்தையில் அதைக் கேட்டுச் சிரித்தார்கள். சிரிப்புக் கொஞ்ச நாளில் நின்றுபோனது. மீன்காரப் பெண்கள் சந்தைத் தெருவுக்குக் கடகம் கொண்டு வருவதை நிறுத்தினார்கள். கடைக்காரர் கடற்கரையாருக்கு அரிசியும் கயிறும் இல்லை என்றார்கள். பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே வாங்கில் இருந்த கடற்கரைப் பிள்ளை பின் வாங்குக்குப் போய்விட்டாள். சந்தைப் பக்கத்தார் பின்னேரங்களில் தகரம் அடித்துப் பறவைகளை எழுப்பினார்கள். தகரம் அடித்தவர்களுக்குக் கல் விழுந்தது. கல் எறிந்தவர்களைத் துரத்திப் பிடித்து அடித்தார்கள். ஆஸ்பத்திரி தூரம் என்பதால் மண்டை உடைந்தவர்கள் எல்லோரும் எங்கள் வீட்டுக்கே வந்தார்கள். அம்மா ஒருவரோடும் கதைக்காமல் மருந்து போட்டுக் கட்டி அனுப்புவார். ஒருநாள் இரண்டு பக்கத்துக் காயக்காரரும் ஒரே நேரத்தில் வந்து, ஒருவரையொருவர் பார்க்காமல் முற்றத்தில் குந்தியிருந்தார்கள். ஒருத்தன் இடுப்பில் கத்தி இருந்தது. அதை வாங்கிக் குசினிக்குள் வைத்துவிட்டுத்தான் அம்மா மருந்தை எடுத்தார். கத்தியைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

ஊரில் துவக்கு வைத்திருந்த இரண்டொருவர், அடுத்த நாளும் இதே தெருவால்தானே போகவேண்டும் என்று ஒதுங்கிக்கொண்டார்கள். முதலாளி சுடுவதற்கு வெளியூரில் ஆள் தேடினார். அகப்பட்டவர் வேறு யாருமில்லை, என்ரை மாமா, அம்மாவின் ஒரே தம்பி. மாமா வன்னிக் காட்டில் மரை சுட்டவர். சுட்டதை யாரும் பார்த்ததில்லை; ஆனால் மாமா சொல்லும்போது மரை விழும் சத்தம் எங்களுக்குக் கேட்கும்.

ஒரு மத்தியானம் அவர் பஸ்ஸில் வந்து இறங்கினார். சாக்கில் சுற்றிய துவக்கை எங்கள் கதவு மூலையில் சாத்திவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். எனக்குப் பெருமையில் நிலம் தெரியவில்லை. ஒரு பக்கம் மருத்துவிச்சி அம்மா, மறுபக்கம் துவக்கு மாமா.

"ஆர் உன்னைக் கூப்பிட்டது?" என்று அம்மா கேட்டார்.

"முதலாளி ஆள் அனுப்பினவர், அக்கா. பின்னேரம் கூட்டுக்கு வரேக்கை ரண்டு வெடி. மற்றதெல்லாம் தன்பாட்டிலை ஓடியிடும்."

"கடற்கரையிலை தெரியுமோ?"

"தெரிஞ்சால் என்ன? வரட்டுமன். துவக்கு என்ரை கையிலை எல்லோ."

அம்மா அவருக்கு இன்னும் ஒரு அகப்பை சோறு போட்டார். பிறகு கையைக் கழுவிக் கறுத்தப் பையை எடுத்துக்கொண்டு, "வா பிள்ளை" என்று என்னைக் கூப்பிட்டார். பிள்ளைப்பேறு பார்க்கப் போகும்போது அம்மா ஒருநாளும் என்னைக் கூட்டிக்கொண்டு போனதில்லை. நான் செருப்பும் போடாமல் ஓடினேன்.

பின் ஒழுங்கையால் முதலாளி வீட்டுக்குள் போனோம். அவருடைய மகள் புத்தூரில் கலியாணம் முடித்தவ. தலைப்பிள்ளைப் பேற்றுக்காகத் தாய் வீட்டுக்கு வந்திருந்தா. நாங்கள் போனபோது குசினிப் படியில் காலை நீட்டிக்கொண்டு பயத்தம் பணியாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தா. அம்மா அவவையும் தாயையும் உள்ளே கூட்டிப்போய்த் தணிந்த குரலில் என்னவோ சொன்னார். தாய் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டா. பிறகு வெளியே வந்து, வீட்டிலிருந்த மிகப் பெரிய கிடாரத்தை அடுப்பில் ஏற்றித் தண்ணீர் ஊற்றினா. மகள் கையிலிருந்த பணியாரத்தைத் தட்டில் கவனமாக வைத்தா. நெற்றியைத் துடைத்தா. பிறகு, "ஐயோ அம்மா!" என்று ஒரு சத்தம் போட்டாவே, நான் கதவுக்குப் பின்னால் ஓடி ஒளிந்துகொண்டேன். பிள்ளைவலி இப்படித்தான் திடீரென்று வருமாக்கும் என்று நினைத்தேன்.

அம்மா முன்வாசலால் தெருவுக்குப் போனார். நான் கதவு இடுக்கால் பார்த்தேன்.

மரத்தின் கீழே முதலாளியும் கடைக்காரரும் நின்றார்கள். அவர்களுக்கு நடுவில் துவக்கை வானத்துக்கு நீட்டியபடி மாமா. தெருவின் மறு தலைப்பில் சம்மாட்டியாரும் கடற்கரை ஆட்களும் வந்துகொண்டிருந்தார்கள். கையில் துடுப்புகள். சிலருடைய கையில் மீன் வெட்டும் கத்திகள். அம்மா ஈரக் கைகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் போய் நின்றார்.

"முதலாளி, உங்கடை மகளுக்குக் குத்துத் தொடங்கியிட்டுது. தலைப்பிள்ளை. பிள்ளை குறுக்கை கிடக்குது. இந்த நேரத்திலை ஒரு வெடிச்சத்தம் கேட்டு அவள் திடுக்கிட்டாள் எண்டால் தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை. பிறகு என்னிலை குறை சொல்லப்படாது."

உள்ளேயிருந்து மகள் மறுபடி கத்தினா. இந்த முறை முந்தியதை விட நல்லாய் இருந்தது.

முதலாளியின் முகத்தில் இரத்தமே இல்லை. "தம்பி, இறக்கும். துவக்கை இறக்கும் எண்டுறன்!" என்றார். மாமா அம்மாவின் முகத்தை நெடுநேரம் பார்த்தார். ஒன்றாக வளர்ந்தவர்கள். அம்மா கண்ணை எடுக்கவில்லை. மாமா துவக்கின் குழலை மடித்துத் திறந்து தோட்டாக்களை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "அக்கா சொன்னால் சரி" என்றார்.

அம்மா மற்றப் பக்கம் திரும்பினார். "சம்மாட்டியார், உங்கடை பொடியளும்தான். ஒரு சத்தம் கேக்கப்படாது. பஸ், வண்டில் ஒண்டும் இந்தத் தெருவாலை வரப்படாது. அந்தத் தலைப்பை நீங்கள் மறியுங்கோ. இந்தத் தலைப்பை முதலாளியின்ரை ஆக்கள் பாக்கட்டும்."

சம்மாட்டியார் தலையிலிருந்த துண்டை எடுத்தார். "ஓம் அம்மா" என்றார்.

அன்று பின்னேரம் எங்கள் தெருவில் நடந்ததை வேறு எந்த ஊரிலும் பார்க்க முடியாது. அடிபட வந்தவர்கள் துடுப்புகளைக் குறுக்கே பிடித்துத் தெருவை மறித்தார்கள். ஹோர்ன் அடித்த பஸ் சாரதியிடம் ஒருவர் ஓடிப்போய் வாயில் விரலை வைத்துக் காட்ட, அவர் பஸ்ஸைப் பின்னுக்கு எடுத்து வேறு வழியால் போனார். வண்டில்காரர் மாட்டின் சலங்கையைக் கழற்றினார். முதலாளியின் கடைப் பையன் கடற்கரையாருக்கும் தேநீர் கொண்டுபோய்க் கொடுத்தான், ஒரு சொல்லும் இல்லாமல். பறவைகள் மட்டும் வழக்கம்போல வந்து, வழக்கம்போலக் கத்தி, வழக்கம்போல எல்லோர் தலையிலும் எச்சமிட்டன. ஒருவரும் அண்ணாந்து பார்க்கவில்லை. எல்லோர் கண்ணும் முதலாளி வீட்டு வாசலில் இருந்தது. உள்ளே மகள் ஒரு பணியாரம் சாப்பிடுவா, ஒருக்கால் கத்துவா. தொண்டை காய்ந்தபோது நான்தான் தண்ணீர் கொடுத்தேன். அதை இன்றைக்கும் பெருமையாகச் சொல்லுவேன்.

விளக்கு வைக்கும் நேரம் அம்மா வெளியே போனார். "குத்து நிண்டிட்டுது. ஆனால் எந்த நேரமும் திரும்பத் தொடங்கும். பிள்ளை பிறக்குமட்டும் இந்தத் தெருவிலை வெடியும் கூடாது, தகரமும் கூடாது, கல்லெறியும் கூடாது."

பிள்ளை பிறக்க ஒன்றரை மாதம் சென்றது.

அந்த ஒன்றரை மாதமும் தெரு வாயைப் பொத்திக்கொண்டு இருந்தது. இரண்டு தலைப்பிலும் முறை வைத்துக் காவல் நின்றவர்கள், சும்மா நிற்க முடியாமல், முதலில் நெருப்புப்பெட்டி மாற்றிக்கொண்டார்கள், பிறகு சுருட்டு மாற்றிக்கொண்டார்கள், பிறகு கதைக்கத் தொடங்கினார்கள். பிள்ளைத்தாய்ச்சிக்கு என்று சொல்லி மீன்காரப் பெண்கள் முதலாளி வீட்டுக்கு நல்ல மீன் கொண்டுவந்தார்கள். பின் வாங்குப் பிள்ளை என் பக்கத்துக்கு வந்துவிட்டாள். வெயில் ஏற ஏறக் குஞ்சுகள் பறக்கப் பழகின. ஒருநாள் காலையில் மரங்கள் மறுபடி பச்சையாக நின்றன.

ஒரு பிள்ளை பிறக்க ஒன்றரை மாதம் எடுக்கும் என்று நான் வகுப்பில் எழுந்து நின்று சொன்னேன். ரீச்சர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வெளியே போய்விட்டா. என்னுடைய அறிவைப் பார்த்து அழுகிறா என்று நினைத்தேன். என் அம்மாதான் அத்தனை கொக்குகளையும் காப்பாற்றினவ என்றும் சொன்னேன். அதை வகுப்பு முழுவதும் ஒத்துக்கொண்டது. தினமும் சேலைக்காகத் திட்டிய பறவைகளை அம்மா ஏன் காப்பாற்றினார் என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை. பெரிய மனம் என்று முடிவு செய்தேன்.

பிள்ளை பிறந்த முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிந்து முதலாளி வீட்டில் சாப்பாடு. சம்மாட்டியார் ஏணை கட்டப் புதுக்கயிறு கொண்டுவந்தார். சந்தையாரும் கடற்கரையாரும் ஒரே பந்தியில் இருந்தார்கள். அப்படி ஒரு பந்தியை நான் அதற்குமுன் கண்டதில்லை. பண்டத்தரிப்பிலிருந்து மாமாவும் வந்திருந்தார். இலையில் இருந்தபடி எல்லோருக்கும் கேட்கத் தக்கதாக, "எல்லாருக்கும் எல்லாம் கிடைச்சுது. என்ரை துவக்குக்குத்தான் ஒரு கொக்கும் கிடைக்கேல்லை" என்றார்.

பந்தி சிரித்தது. பிள்ளையை மடியில் வைத்திருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"நீ சுட்டிருந்தால் முதல் விழுறது கொக்கெண்டோ நினைச்சனீ?"

சிரிப்பு அப்படியே நின்றது. மாமா இலையைப் பார்த்தார். முதலாளி எழும்பி, சோற்றுப் பாத்திரத்தை வாங்கி, சம்மாட்டியாரின் இலைக்குத் தன் கையால் போட்டார். சம்மாட்டியார் போதும் என்று சொல்லவில்லை.

பெரியவர்கள் எல்லோரும் ஏன் இப்படித் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடுகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. அம்மா கேட்டதை மட்டும் நான் நன்றாக யோசித்துப் பார்த்தேன். அந்த மரத்தின் உச்சிக் கொப்புகளில் இருந்தவை கொக்குகள். தாழ்ந்த கொப்புகளில் நீர்க்காகங்கள். அம்மா சொன்னது சரிதான். முதலில் விழுந்திருப்பது நீர்க்காகம்.