எலுமிச்சம்பழம் ஓடிய கேரவன்

காலை ஏழு மணிக்கு அபுதாபியில் மழை பெய்ய வைப்பது என் வேலை. சிரிக்காதீர்கள். முசஃபாவில் எங்கள் கராஜுக்கு வந்து பாருங்கள். ஏதாவது ஒரு கேரவனின் கூரைமேல் ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டு வருண பகவான் மாதிரி நின்றுகொண்டிருப்பேன். உள்ளே ஃபோர்மேன் பஷீர் பாய், பெஷாவர்க்காரர், டார்ச் அடித்துச் சுவர் சுவராகத் தடவுவார். எங்காவது ஒரு சொட்டு இறங்கிவிட்டால் உள்ளிருந்தே தட்டுவார். நான் குழாயை மூடவேண்டும். வருஷத்தில் நாலைந்து நாள் மழை வந்தால் அதுவே பெரிய விசேஷம் என்கிற ஊர் இது. இங்கே வந்து, ஒழுகுகிறதா என்று பார்த்தே என் தலைமுடி பாதி கொட்டிவிட்டது.

கேரவன் என்றதும் ஊரில் நடிகர்கள் மேக்கப் போடும் வண்டியைத்தான் நினைப்பார்கள். என் மனைவி செல்வியும் தெருவில் அப்படித்தான் சொல்லிவைத்திருக்கிறாள். நானும் மறுக்கவில்லை, கௌரவமாகத்தானே இருக்கிறது. இங்கே அது வேறு. குளிர்காலம் வந்தால் அரபுக் குடும்பங்கள் காருக்குப் பின்னால் ஒரு குட்டி வீட்டைக் கோத்துக்கொண்டு பாலைவனத்துக்குக் கிளம்பிவிடும். கட்டில், அடுப்பு, பாத்ரூம் எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். பழைய வண்டிகள் கல் மாதிரி இருந்தன. இப்போது கப்பலில் வந்து இறங்குகிற புதுசு இருக்கிறதே, அதை வண்டி என்று சொல்லவே வாய் கூசுகிறது. ஸ்குரூ இருக்கவேண்டிய இடத்தில் நோட்டுப் புத்தகத்துக்கு அடிக்கிற பின். மரம் இருக்கவேண்டிய இடத்தில் ஒட்டுப்பலகை, அதன்மேல் மரம் மாதிரி படம் போட்ட காகிதம். அலமாரியைத் திறந்தால் கைப்பிடி நம் கையோடு வந்துவிடும். இதையெல்லாம் நாள் பூராவும் திட்டித் தீர்த்துவிட்டு நாங்கள் தூங்கப் போவது, இருபது வருஷத்துக்கு முன்னால் யாரோ தகரத்தில் அடித்துவைத்த கேம்ப் அறைக்கு. அதில் இன்றுவரை ஒரு ஆணி கழன்றதில்லை.

நான் கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் தொழில் செய்தவன். அங்கே ரிவிட் அடித்த இடத்தையெல்லாம் மேஸ்திரி சுத்தியலால் தட்டிப் பார்த்துக் காது கொடுத்துக் கேட்பார். சத்தம் பிசகினால் பிரித்துத் திரும்ப அடிக்கவேண்டும். ஐம்பது பேருக்கான வண்டியில் நூறு பேரும் நாலு ஆட்டுக்குட்டியும் ஏறுமே, சும்மா விடுவார்களா? வண்டி வெளியே போகும் நாளில் சூடம் காட்டி, பூசணிக்காய் சுற்றி உடைத்து, சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றுவோம். முசஃபா வந்த பிறகும் என் கை சும்மா இருக்கவில்லை. சூடமும் பூசணிக்காயும் இங்கே நடக்காது. பழத்தை மட்டும், யாரும் பார்க்காதபோது சக்கரத்தடியில் வைத்துவிடுவேன். பஷீர் பாய் பார்த்தும் பார்க்காத மாதிரி போய்விடுவார்.

போன குளிர்காலத்தில் அபு சயீத் என்ற அரபிக்காரரின் கேரவன் வந்தது. வாங்கி நாற்பது நாள்கூட ஆகவில்லை, கதவு சாத்தவில்லை. கதவைச் செதுக்கிக் கொடுத்தோம். பத்தே நாளில் திரும்பி வந்தது. கீலை மாற்றினோம். அதுவும் திரும்பி வந்தது. பஷீர் பாய் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இது இன்னொரு தடவை வந்தால் உன் லீவு கலாஸ், அவ்வளவுதான் என்றார். குளித்தலையில் நான் கட்டியிருக்கும் வீட்டுக்குத் தை மாதம் கிரகப்பிரவேசம், பத்திரிகையும் அடித்தாயிற்று. அஸ்திவாரம் முதல் பெயின்ட் வரை அந்த வீட்டை நான் போனில் மட்டுமே பார்த்திருந்தேன். பால் காய்ச்சும்போதாவது நேரில் நிற்கவேண்டாமா?

நிலை, கதவு, கீல் எல்லாவற்றையும் புதிதாகவே செய்து மாட்டினோம். கதவு வெண்ணெய் மாதிரி சாத்தியது. அபு சயீத் வண்டியை எடுக்க வரும் நேரத்துக்கு இரண்டு சக்கரத்தடியிலும் பழம் வைத்தேன். அத்தோடு விட்டிருக்கலாம். வீடு மாதிரியும் இருக்கிறதே என்று உள்ளே வாசலருகே தரையில் ஒரு பழம் வைத்தேன். அது நிற்கவில்லை. மெதுவாக உருண்டு, கட்டிலுக்கு அடியில் போய் மூலையில் முட்டிக்கொண்டது. எடுத்து வந்து திரும்ப வைத்தேன். திரும்ப ஓடியது. நிமிர்ந்தால் வாசலில் அபு சயீத் நிற்கிறார்.

"ஷூ ஹாதா?" என்றார். என்ன இது என்று கேட்கிறார்.

திருஷ்டிக்கு வைத்தேன் என்பதை எந்த மொழியில் சொல்வது? அவருக்குப் பின்னாலிருந்து பஷீர் பாய் கண் இமைக்காமல் சொன்னார்: "டெஸ்டிங், அர்பாப். லூமி டெஸ்ட்."

அர்பாப் என்றால் முதலாளி, லூமி என்றால் எலுமிச்சை. சொன்ன பிறகு செய்துகாட்டத்தானே வேண்டும்? ரசமட்டத்தை வண்டியின் அடிச்சட்டத்தில் வைத்தோம், சரியாக இருந்தது. கட்டிலைத் தூக்கினோம். தரைப்பலகை டீயில் முக்கிய ரஸ்க் மாதிரி ஊறிக் கிடந்தது. வண்டியைக் கழுவும்போதெல்லாம் ஜன்னல் விளிம்பில் புகுந்த தண்ணீர் சுவருக்குள்ளேயே வழிந்து, வெளியே ஒரு சொட்டும் காட்டாமல் தரையைத் தின்றிருக்கிறது. தரை இறங்க, சுவர் சாய, கதவு சாத்தவில்லை. பாவம், நாங்கள் கதவையே செதுக்கிக்கொண்டிருந்திருக்கிறோம். அபு சயீத் பழத்தைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வண்டி விற்றவர்களின் கம்ப்யூட்டருக்குத் தெரியாதது இதற்குத் தெரிந்துவிட்டதே என்று என் தோளில் தட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. தரையை மாற்றிவிட்டால் இனி திரும்பி வராது, லீவு நிச்சயம் என்று அன்றைக்கே செல்விக்குப் போன் போட்டேன்.

வினை அங்கேதான் இருந்தது. அபு சயீத் நண்பர்களிடமெல்லாம் சொல்லிவிட்டார். அடுத்த வாரம் கராஜ் வாசலில் புத்தம்புது கேரவன்களாக வரிசை நின்றது, எல்லோருக்கும் லூமி டெஸ்ட் வேண்டுமாம். ஒருவர் பழத்தைத் தானே கொண்டுவந்திருந்தார். லீவுத் தாளை நீட்டினேன். பஷீர் பாய் அதைத் தொடவே இல்லை. சீசன் முடியட்டும், லூமி இன்ஜினியர் போய்விட்டால் டெஸ்டை யார் செய்வது என்றார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் பழத்தால் கெட்டேன். அன்றைக்குக் கோபத்தில் சோறு இறங்கவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுதேன்.

தை பிறந்தது. முகூர்த்தம் ஊரில் ஒன்பது மணிக்கு, இங்கே ஏழரை. மழையை நிறுத்திவிட்டு, முந்தின நாள் தரை மாற்றி முடித்திருந்த ஒரு கேரவனுக்குள் போய் உட்கார்ந்து போனைப் பிடித்தேன். பால் பொங்கியது. எல்லோரும் சிரித்தார்கள். புதுப் புடவையில் செல்வி அறை அறையாகப் போனைக் காட்டிக்கொண்டு வந்தாள். எனக்கோ தரைமேல்தான் கண். ஹாலில் ஒரு எலுமிச்சம்பழம் வைத்துப் பார் என்றேன். நல்ல நாளில் இதென்ன விளையாட்டு என்று முறைத்தாள், ஆனாலும் வைத்தாள்.

"ஓடுதுங்க."

"எந்தப் பக்கம்?"

"வாசப் பக்கம்."

சுவர் எங்காவது ஈரமாக இருக்கிறதா, தொட்டுப் பார் என்றேன். வீடு கட்டிய கொத்தனார் போனுக்குள் தலையை நீட்டினார். "அண்ணே, அது வாட்டம்ணே. வீடு கழுவுனா தண்ணி வெளிய போவ வேணாமா?" என்றார். அதுவும் நியாயம்தான். செல்வி பழத்தைப் பொறுக்கிக்கொண்டே சொன்னாள்: "ஒங்க வீட்டுப் பழம் ஒங்கள மாதிரிதானே இருக்கும். உள்ள வெச்சா வாசலப் பாத்து ஓடுது."

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். போன் வைத்த பிறகு, சட்டைப்பையில் இருந்த பழத்தை எடுத்து நான் போட்ட தரையில் வைத்தேன். அசையவே இல்லை. முன்பின் தெரியாத யாரோ ஒருவருடைய வீட்டின் நட்டநடுவில், கட்டிப்போட்ட மாதிரி அப்படியே நின்றது.