சொக்கப்பனை டூட்டி

தீயணைப்பு வண்டியில் வேலை பார்ப்பவனுக்கு ஊரே சந்தோஷமாக இருக்கும் நாளில்தான் பயம் ஜாஸ்தி. கார்த்திகை தீபத்தன்று என்னைப்போல் சொக்கப்பனை டூட்டியில் மாட்டியவர்களுக்கு இது நன்றாகவே புரியும்.

பெயர்க் காரணம்

சிதம்பரத்துக்கு வெளியே ஒரு சின்னக் கோயிலில் முதல் டூட்டி. வாசலில் பனைமரத்தை நட்டு, உச்சிவரை காய்ந்த ஓலையைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். கையெட்டும் தூரத்தில் கூட்டம், இடுப்பில் குழந்தைகளோடு. பயத்தை மறைக்கக் குருக்களிடம் பேச்சுக் கொடுத்தேன். சொக்கப்பனை என்றால் என்ன அர்த்தம்?

சுவர்க்கப் பனைதான் பேச்சில் அப்படி ஆனது என்றார் அவர். பக்கத்தில் நின்ற பூக்கடைக்காரர் விடவில்லை. சொக்கன் என்றால் சிவன், அவர் ஜோதியாக நின்றதைக் காட்டுவதால் சொக்கன் பனை என்றார். எதுதான் சரி என்று கேட்டேன். குருக்கள் சொன்னார்: "கொளுத்திட்டா ரெண்டும் ஒண்ணுதான் சார், நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

ஈர ஓலை

கார்த்திகையில் கடலூரில் மழை பெய்யாவிட்டால்தான் ஆச்சரியம். மஞ்சக்குப்பம் பக்கம் ஒரு வருஷம் ஓலை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. விழாக் குழுக்காரர் ஒருவர் கேனோடு வந்தார். மூடியைத் திறந்ததும் பெட்ரோல் வாசனை. கேனைப் பிடுங்கி வண்டியில் வைத்துப் பூட்டினேன். ஓலை நெடுநேரம் புகைந்துதான் பிடித்தது. அதுவரை என்னை முறைத்துக்கொண்டே இருந்தவர், போகும்போது சொன்னார்: "நெருப்ப அணைக்கறதுக்குத்தான் ஒங்களுக்கு சம்பளம், பத்த வுடாம பண்றதுக்கு இல்ல!"

கருகிய மட்டை

சொக்கப்பனையில் கருகிய மட்டையை வயலில் நட்டால் பூச்சி அண்டாது, விளைச்சலும் ஜாஸ்தி என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. எரிந்து முடியும்வரை யார் பொறுப்பது? போன வருஷம் கிள்ளைப் பக்கம், உச்சியில் தீ நிற்கும்போதே ஒருவன் மட்டையை உருவ ஓடினான். பார்த்தால் என் மனைவியின் தம்பி செல்வம்! மரம் அவன் பக்கமே சாய்ந்தது.

தண்ணீர்க் குழாயைப் போட்டுவிட்டு ஓடினேன். சட்டையைப் பிடித்து இழுத்ததில் இருவரும் சேற்றில் விழுந்தோம். அவன் நின்ற இடத்தில் மரம் விழுந்து பொறி பறந்தது. "செத்திருப்பியேடா!" என்று கத்தினேன். அழுகையே வந்துவிட்டது. செல்வம் கையில் புகைகிற மட்டை. "அழாதீங்க மாமா, ஒங்களுக்கும் பாதி ஒடிச்சித் தரேன்."

ஆயிரம் அர்த்தம் இருக்கட்டும். என்னைக் கேட்டால், ஊரே சாமியைப் பார்த்துக் கும்பிடும்போது ஒருத்தன் மட்டும் மரம் எந்தப் பக்கம் சாயும் என்று பார்த்து நிற்பதற்குப் பெயர்தான் சொக்கப்பனை.